குவாதலூப் தீவுக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் யாரைச் சந்தித்தாலும், குவாதலூப்புக்குப் போய்வந்தவன் என்று தெரிந்ததும் கேள்விகள் தொடங்கிவிடும். லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவிட்டேன்.

குவாதலூப் எங்கே இருக்கு? அது தனி நாடா?

தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். கிழக்குக் கரீபியனில் அண்டிகுவாவுக்குத் தெற்கே, தொமினிக்காவுக்கு வடக்கே இருக்கிறது. யூரோவில்தான் செலவு, பிரான்ஸில் உள்ள அதே மின்செருகிகள், அதே அஞ்சலகம், அதே மருந்துக்கடைப் பச்சைச் சிலுவை. மக்கள்தொகை சுமார் 3,80,000.

வரைபடத்தில் பார்த்தால் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். மேற்கு இறக்கை பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவிகள், வாழைத் தோட்டங்கள். கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, கரும்புக் காடு, வெள்ளை மணல் கடற்கரைகள். நடுவில் ரிவியேர் சலே என்ற குறுகலான உப்புநீர்க் கால்வாய் இரண்டையும் பிரிக்கிறது. பாலத்தில் தாண்டும்போது பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் மண், மழை, வாழ்க்கை எல்லாமே வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பயணத்தைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சுற்றிலும் லே சேன்த், மரி-கலாந்த், லா தெசிராத் என்று சின்னத் தீவுகளும் உண்டு.

என்கிட்ட இந்தியப் பாஸ்போர்ட். ஷெங்கன் விசா இருந்தா போதும்தானே?

பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதிக்குள், இல்லை. சாதாரண ஷெங்கன் விசா தானாகவே அங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டங்களுக்குப் போகிறேன் என்று குறிப்பிட வேண்டும். விசாவிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். சிலருக்கு விலக்கு உண்டு, அந்த விதிகள் மாறிக்கொண்டிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பு பிரெஞ்சு அரசின் விசா இணையதளத்தில் உங்கள் நிலைமையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிரான்ஸில் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கும், பிரிட்டிஷ், கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் பாரிஸில் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கும். குவாதலூப் விமானங்களில் நிறைய, நகரத்துக்கு மறுபக்கம் இருக்கும் ஓர்லியிலிருந்து கிளம்பும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நீங்கள் வெளியே வந்தாக வேண்டும், அதாவது ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கும் விசா வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

எந்த மாசம் போறது நல்லது?

டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. கிறிஸ்துமஸும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையும் விலை உச்சத்துக்குப் போகும் நாட்கள். நான் ஜனவரிப் பிற்பகுதியைத்தான் சொல்வேன். விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், மலை துலங்கித் தெரிய வாய்ப்பு அதிகம், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்னிவல் குழுக்கள் பறையடித்துக்கொண்டு தெருவில் இறங்கத் தொடங்கியிருக்கும்.

புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் ஆபத்து அதிகம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தீவையே புரட்டிப் போட்டது. 2022 செப்டம்பரில் ஃபியோனா கொட்டிய மழையில் பாஸ்-தேர் பக்கம் சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் அடித்துக்கொண்டு போயின. செப்டம்பரில் டிக்கெட் மலிவாக இருப்பதற்கு இதுதான் காரணம். ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி எடுத்தால் மட்டும் போங்கள்.

பிரெஞ்சு தெரியாம சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஆங்கிலத்தை நம்பிப் போகாதீர்கள். அலுவலகம், பள்ளி, கடை எல்லாம் பிரெஞ்சு. வீட்டிலும் சந்தையிலும் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர்ப் பேச்சுமொழி. விடுதி வரவேற்பறையிலும் முக்குளிப்பு நிலையங்களிலும் ஆங்கிலம் பேசுவார்கள். ஊர்ப்புறக் கடைகளில் கஷ்டம்.

மொழியைவிட முக்கியம் வணக்கம் சொல்வது. கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்காரும் முன்பும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சாயங்காலம் என்றால் 'போன்சுவார்'. சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் இறுகிவிடும். அங்கே ஆட்கள் முரட்டுத்தனமாக இருக்கிறார்கள் என்று சில பயணிகள் குறைபட்டுக்கொள்கிறார்கள். முக்கால்வாசி நேரம் அந்தப் பயணிகள்தான் வணக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கார் எடுத்தே ஆகணுமா? பஸ் இல்லையா?

பஸ் இருக்கிறது. தீவின் முக்கிய நகரமான புவான்த்-அ-பித்ரிலிருந்து பெரிய ஊர்களுக்குப் போகும். ஆனால் சனி மதியத்துக்கு மேல் குறைந்துவிடும், ஞாயிறு கிட்டத்தட்ட இல்லை, அருவிக்கும் மலையடிவாரத்துக்கும் பஸ்ஸை நம்ப முடியாது. கார் எடுத்துவிடுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய உரிமம் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

தூரங்கள் சின்னவை, நேரங்கள் பெரியவை. காலை ஏழு மணிக்கு ஜாரி தொழிற்பேட்டையைச் சுற்றி மாட்டினால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். குளிர்காலத்தில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மலைச்சாலைகளில் விளக்கு இருக்காது. மதியமே திரும்பக் கிளம்புகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

எங்கே தங்கறது? கோசியே ஹோட்டல்தான் எல்லாரும் சொல்றாங்க.

கோசியே, சேந்த்-ஆன், சேன்-பிரான்சுவா மூன்றும் கிராந்த்-தேரின் தென்கரையில், வெள்ளை மணலோடு, உணவகங்களோடு இருக்கின்றன. அங்கேயே பத்து நாளும் தங்கினால் தினமும் எரிமலைக்கும் காட்டுக்கும் போய்வர மூன்று மணி நேரம் காரிலேயே போகும். போகப்போக அலுத்துப்போய், 'கடற்கரையே போதும்' என்று உட்கார்ந்துவிடுவீர்கள். இந்தத் தீவுக்கு வந்து பாஸ்-தேரைச் சரியாகப் பார்க்காமல் போகிறவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

அதனால் தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி பாஸ்-தேர். தேயே அல்லது பூயாந்த் பக்கம் தங்கினால் கடலும் காடும் அருகில். துருவா-ரிவியேர் பக்கம் என்றால் எரிமலையும் லே சேன்த் படகும் அருகில். இரண்டாவது பாதி சேந்த்-ஆன் போல ஓரிடம். மலை ஏறிக் களைத்த கால்களுக்கு அந்தக் கடல் அப்போதுதான் அருமை. விடுதிகளைவிட 'ஜீத்' எனும் வாடகை வீடுகள் நமக்குச் சௌகரியம், அடுப்பு இருக்கும். வீடு எடுக்கும் முன்பு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய குழாய்கள் ஒழுகி வீணாவதால் பல ஊர்களில் முறைவைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். அது அங்குள்ளவர்களுக்குப் பல வருடத்துத் தீராத கஷ்டம்.

சூஃப்ரியேர் எரிமலை ஏறலாமா? வெடிக்காதா?

ஏறலாம். 1,467 மீட்டர், சிற்றண்டிலிஸ் எனும் கிழக்குக் கரீபியன் தீவுவரிசையில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. உயிருள்ள எரிமலை, அதனால் ஆய்வு நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் கண்காணிக்கிறது. கடைசியாக 1976-ல் சீறியது. 70,000-க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். நீராவியும் சாம்பலும்தான் வந்தன, எரிகுழம்பு வரவில்லை, யாரும் சாகவில்லை. ஆனாலும் வீட்டை விட்டு ஓடிய அந்த மாதங்களைப் பற்றி அங்குள்ள வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள்.

சேன்-குளோத் ஊருக்கு மேலே, பேன் ஜோன் என்ற இடத்தில் காரை விட வேண்டும். சுமார் 950 மீட்டர் உயரம். அங்கே ஒரு வெதுவெதுப்பான கந்தக நீர்த்தொட்டி இருக்கிறது. முதலில் கல் பாவிய பழைய பாதை, காட்டுக்குள்ளே, ஈரமாக. பிறகு மரங்கள் சட்டென்று நின்றுவிடும், பாசியும் குத்துச்செடிகளும்தான். அங்கிருந்து காற்று பிடித்துத் தள்ளும், அழுகிய முட்டை நாற்றம் வரத் தொடங்கும். போய்வர மூன்றரை, நான்கு மணி நேரம். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை பெய்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். செருப்போடும் பருத்திச் சட்டையோடும் ஏறி, நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்குகிறவர்களை எப்போதும் பார்க்கலாம். மழை அங்கி, பிடிமானமுள்ள ஷூ, மாற்றுச் சட்டை மூன்றும் அவசியம். காலை ஆறரைக்கே தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும்.

வாயு வரும் வாய்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அமிலம் கலந்த அந்தப் புகை கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. வேலி தாண்டி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள். மேகம் விலகும் நேரம் அமைந்தால் கீழே லே சேன்த் தீவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அமையாவிட்டால் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அருவின்னா எது? நிறைய பேர் சொல்றாங்க.

கார்பே அருவிகள். மொத்தம் மூன்று. இரண்டாவது 110 மீட்டர். கட்டணம் கட்டி உள்ளே போய் இருபது நிமிடம் நல்ல பாதையில் நடந்தால் பார்வைமேடை வந்துவிடும். பாறை சரிந்ததால் அடிவாரத்துக்கு விடுவதில்லை. முதலாவது 115 மீட்டர், இன்னும் அழகு, ஆனால் சேற்றிலும் வேர்களிலும் நல்ல ஏற்றம். நடை பழகியவர்களுக்குத்தான். தீவைக் குறுக்கே வெட்டிப் போகும் காட்டுச்சாலையில் எக்ரெவிஸ் அருவி ஐந்து நிமிட நடை, சின்னது, கூட்டம் அதிகம். மேலே மழை பெய்தால் ஆற்றுநீர் நொடியில் பெருகும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறிவிடுங்கள்.

கடல்ல குளிக்க எது பாதுகாப்பு? சிவப்புப் பட்டை போட்ட மரம்னு ஏதோ சொன்னாங்களே?

குழந்தைகளோடு போனால் சேந்த்-ஆன், புவா ஜொலான். பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் இடுப்பளவுத் தண்ணீரில் நிம்மதியாக இருக்கலாம். தேயேயின் கிராந்த் ஆன்ஸ் பார்க்க அள்ளும், ஆனால் சில நாள் அலை இழுக்கும். மீன் பார்க்க வேண்டும் என்றால் மலாந்தூர் கடற்கரை. கருப்பு மணல், எதிரில் பிஜோன் தீவுத்திட்டுகள். முகமூடியும் குழாயும் வாடகைக்கு எடுத்துக் கரையோரமாக நீந்தினாலே கடல் ஆமைகள் புல் மேய்வதைப் பார்க்கலாம். தொடாதீர்கள், மேலே போய் நிற்காதீர்கள்.

அட்லாண்டிக் பக்கக் கரைகளில் சர்காசம் எனும் பழுப்புக் கடற்பாசி, முக்கியமாக மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை, குவியல் குவியலாக ஒதுங்கும். அழுகினால் நாற்றமும் தலைவலியும். அப்போது மேற்குக் கரைக்குப் போய்விடுவதுதான் வழி. தங்குமிடத்தை இரண்டாகப் பிரிப்பது இதற்கும் உதவும்.

சிவப்புப் பட்டை மரத்தின் பெயர் மான்செனிலியே. சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் மணலில் உதிர்ந்து கிடக்கும். காய், இலை, பால் எல்லாமே விஷம். மழைக்கு ஒதுங்கி அடியில் நின்றால் சொட்டுகிற நீரே தோலைச் சுட்டுக் கொப்புளிக்க வைக்கும். எல்லா மரத்திலும் பட்டை அடித்திருக்காது, அதனால் பிள்ளைகளிடம் அந்தக் காயைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாம்பு பயம் வேண்டாம், விஷப்பாம்பு இங்கே இல்லை. கொசுதான் எதிரி, டெங்கு உண்டு.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

உணவகத்தில் கஷ்டம்தான். 'அக்ரா' எனும் போண்டாவில் உப்புக் கருவாடு இருக்கும், பொக்கித் எனும் பொரித்த ரொட்டிக்குள் பெரும்பாலும் கோழியோ மீனோ. முட்டை, சீஸ் வைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் சந்தைக்குப் போனால் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். சௌசௌ, வெண்டை, பூசணி, சேம்புக் கிழங்கு, வள்ளிக் கிழங்கு, மரவள்ளி, பலாவின் உறவான ஈரப்பலா, புளி. பச்சைத் துவரை கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் கட்டாயம். இதற்காகவும்தான் அடுப்புள்ள வீடு எடுக்கச் சொன்னேன்.

அசைவர்களுக்குக் கொலம்போவைச் சொல்லியாக வேண்டும். கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் அரைத்துப் போட்ட ஆட்டுக்கறி, கோழிக் குழம்பு. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த கைப்பக்குவம், இன்று தீவின் எல்லா வீட்டுக்கும் சொந்தம். காரம் குறைவு, மிளகாய் தனியாகக் கேளுங்கள், கொஞ்சமாகத் தொடுங்கள்.

அங்கே தமிழர்கள் இருக்காங்களாமே? தமிழ் பேசுவாங்களா?

இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கூலிகளைத் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஓரேலி' என்ற கப்பல் முதல் இந்தியர்களோடு புவான்த்-அ-பித்ரில் வந்து நின்றது. 1889 வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏறிய தமிழர்கள் அதில் பெரும்பங்கு. கல்கத்தாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம். நோயிலும் வேலையிலும் ஏராளமானோர் செத்துப்போனார்கள், ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்.

பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கும் மாதாகோயிலுக்கும் போக, தமிழ் பேச்சுமொழியாக நிற்கவில்லை. வணக்கம் என்று சொல்லி உடனே தமிழில் பேச ஆரம்பித்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பேர்களில் தமிழ் இருக்கிறது: ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் உருமாறிக் கடைப்பலகையில் தெரியும். அவர்கள் குவாதலூப்காரர்கள், ஐந்தாறு தலைமுறையாக. 'நீங்க இன்னும் தமிழ் கத்துக்கலையா' என்ற தொனியில் யாரிடமும் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குடியுரிமைக்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. பாஸ்-தேரின் கபேஸ்தேர் ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904-ல் தொடங்கிய வழக்கு 1923-ல்தான் முடிவுக்கு வந்தது. அவரைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். பேச்சு தானாகத் திறக்கும்.

கோயிலுக்கு உள்ளே போகலாமா? போட்டோ எடுக்கலாமா?

கபேஸ்தேர்-பெல்-ஓவில் சாலையோரமாக இருக்கும் ஷாஞ்சி கோயிலை எல்லோரும் பார்ப்பார்கள். மாரியம்மன்தான் முதன்மை, மதுரை வீரனும் உண்டு. வெளியே நின்று பார்க்கத் தடையில்லை. உள்ளே போக அங்கிருப்பவரிடம் கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள்.

பெரிய பூசைகள் குடும்பங்கள் நேர்ந்துகொண்டு செய்பவை. விரதமிருந்து, தப்பும் மத்தளமும் அடித்து, செவிவழியாக வந்த தமிழ்ப் பாட்டுகளைப் பாடி, ஆடு வெட்டி, வந்த எல்லோருக்கும் வாழையிலையில் சோறும் கொலம்போவும் போடுவார்கள். யாராவது அழைத்தால் கட்டாயம் போங்கள். அழைப்பில்லாமல் கேமராவோடு நுழையாதீர்கள்; வெட்டும் நேரத்தில் படம் எடுக்கவே வேண்டாம். பாட்டில் சொற்கள் மாறியிருக்கும். திருத்தப் போகாதீர்கள். எழுத்துப் படிக்க வழியில்லாத நிலையில் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

திருட்டு பயம் இருக்கா?

காரில் பையை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். புவான்த்-அ-பித்ரில் சந்தை, துறைமுகம், மெமோரியல் ஆக்ட் எல்லாம் பகலில் பாருங்கள், இரவில் வெறிச்சோடிய தெருக்களில் நடக்க வேண்டாம். அந்த மெமோரியல் ஆக்ட், பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-ல் திறந்த அடிமைமுறை அருங்காட்சியகம். அரை நாள் ஒதுக்குங்கள். 1794-ல் ஒருமுறை விடுதலை கிடைத்ததும், 1802-ல் நெப்போலியன் ஆட்சி மறுபடி விலங்கு பூட்ட வந்ததும், சரணடைய மறுத்து லூயி தெல்கிரேஸும் தோழர்களும் மத்தூபா என்ற இடத்தில் வெடிமருந்துக்குத் தீவைத்து மடிந்ததும் தெரிந்தால், 1848-ல் அடிமைமுறை இறுதியாக ஒழிந்ததை நினைவுகூரும் மே 27 அங்கே ஏன் விடுமுறை என்பதும் ஜனங்கள் ஏன் தலை நிமிர்ந்து பேசுகிறார்கள் என்பதும் புரியும்.

லே சேன்த், மரி-கலாந்த் ரெண்டுல ஒண்ணுதான் முடியும். எது?

ஒரே நாளில் போய்வர லே சேன்த். துருவா-ரிவியேரிலிருந்து படகு இருபது நிமிடம் போல. நெப்போலியன் கோட்டை, இகுவானா எனும் பெரிய ஓணான்கள், படகுத்துறையில் பெண்கள் கூடையில் விற்கும் தேங்காய்ப் பூரணப் பலகாரம். படகு ஆட்டும், வயிறு சரியில்லாதவர்கள் முன்பே மாத்திரை போடுங்கள். ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மரி-கலாந்த். கரும்பு, காற்றாலைக் கோபுரங்கள், ரம் வடிசாலைகள், ஆளில்லாத கடற்கரை. பகலில் ஓடிப்போய்ப் பார்த்தால் அது பிடிபடாது.

அப்படியே ஃபெரியில தொமினிக்கா போய்ட்டு வரலாமா?

படகு இருக்கிறது. ஆனால் அது வேறு நாடு, வேறு பணம். மேலே விசா பதிலில் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்: ஒருமுறை நுழைவு விசாவோடு வந்தவர் வெளியே போனால் குவாதலூப்புக்குள் திரும்ப முடியாது. பலமுறை நுழைவா என்று பார்த்துவிட்டுப் படகுச்சீட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, மூட்டு வலி வேற. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. நல்ல மருத்துவமனைகள் உண்டு. வெளிநாட்டவர் என்றால் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து எட்டு, ஒன்பது மணி நேர விமானம், நடுவில் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இறங்கிய அன்று எதுவும் வேண்டாம்.

எரிமலையையும் முதல் கார்பே அருவியையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது அருவியின் பாதையில் படிகள் இருக்கின்றன. மெதுவாகப் போனால் முடியலாம், மழை நாளில் வேண்டாம். மலாந்தூரில் அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது, நனையாமல் மீன் பார்க்கலாம். பேன் ஜோன் வரை கார் போகும், கால்களை அந்த வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு உட்காரலாம். தொட்டி ஓரம் வழுக்கும், கையைப் பிடித்து இறக்குங்கள். கபேஸ்தேர் சந்தையில் சௌசௌவும் வெண்டையும் அவரே பொறுக்கட்டும். ஜீத் எடுக்கும்போது தரைத்தளமா என்று கேட்க மறக்காதீர்கள்; பாஸ்-தேர் வீடுகள் பல சரிவில் கட்டியவை, வாசலுக்கே இருபது படி இருக்கும்.